வாசலில் நின்ற பிச்சைக்காரர்



குருவானவர் இல்லாத ஊரில் விசுவாசம் எத்தனை காலம் உயிரோடிருக்கும்? இந்தக் கேள்வியை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம். பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். பங்குக் குருவானவர் பத்து நாள் ஊரில் இல்லாவிட்டாலே ஞானோபதேச வகுப்பு நின்றுபோவதும், பாடகர் குழு கலைந்துபோவதும், "சுவாமி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எல்லாக் காரியமும் ஒத்திவைக்கப்படுவதும் நாம் அறிந்ததே. பத்து நாள் அல்ல, பத்து வருடமும் அல்ல, இருபத்தொன்பது வருடம் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இல்லாமலிருந்த ஒரு கிறிஸ்தவ ஜனத்தைப் பற்றி இன்று சொல்லப் போகிறோம். அவர்கள் நம்முடைய பாஷை பேசியவர்கள். நமக்கும் அவர்களுக்கும் இடையே கிடப்பது சிறிய கடல்தான். ஆனால் அவர்களிடத்தில் நாம் படிக்கவேண்டிய பாடம் பெரிது.

குருவில்லாத இருபத்தொன்பது வருடம்

1658-ம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். குரு ஒருவருக்கு வீட்டில் இடங்கொடுப்பவன் உயிரை இழப்பான் என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் ஒல்லாந்தருடைய சபையின் வழிபாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆயின. அப்பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோர் அபராதம் கட்டவேண்டும். ஞானஸ்நானமும் கலியாணமும் அச்சபையின் புத்தகத்தில் பதிவாகாவிட்டால் பின்னால் சொத்துரிமையில் தொல்லை வரும். இப்படி ஒருபுறம் பயமும் மறுபுறம் ஆசையுமாக ஜனங்கள் நெருக்கப்பட்டார்கள்.

இதைச் சொல்வது பழைய பகையைக் கிளறுவதற்காக அல்ல. அன்று பிரிந்து நின்று மோதிய சபைகள் இன்று ஒருவரை ஒருவர் சகோதரரென மதித்து, ஒன்றாய்க் கூடி செபிக்கும் காலம் வந்திருக்கிறது. அதற்காகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம். ஆனாலும் அக்காலத்துக் கிறிஸ்தவர்கள் எந்த நிலைமையில் விசுவாசத்தைக் காத்தார்கள் என்பதை அறியாவிட்டால், அவர்கள் செய்ததின் அருமை நமக்கு விளங்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1658-ல் கடைசிக் குருவானவரின் கையால் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு 1687-ல் வயது இருபத்தொன்பது. அதற்குள் அந்தக் குழந்தை வளர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளைகளைப் பெற்றுவிட்டது. அந்தப் பிள்ளைகள் குரு என்பவர் எப்படி இருப்பாரென்று கண்டதில்லை. பூசை எப்படி நடக்குமென்று அறியார்கள். சாதாரண மனுஷ யோசனைப்படி பார்த்தால் அங்கே கத்தோலிக்க விசுவாசம் அடியோடு அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. ஏன் அழியவில்லை?

பெரிய பண்டிதர்கள் புத்தகம் எழுதிக் காத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. படை திரட்டிக் காத்தவர்களும் இல்லை. வீடு காத்தது. சேவல் கூவுமுன் எழுந்த தாய், பிள்ளையின் கையைப் பிடித்து நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் சிலுவை வரையக் கற்றுக்கொடுத்தாள். கதவை அடைத்து, விளக்கைத் தணித்து, குடும்பத்தார் செபமாலை சொன்னார்கள். பிறந்த குழந்தைக்கு ஊர்ப் பெரியவர் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். மாந்தை என்னும் ஊரிலிருந்து இருபது குடும்பங்கள் 1670-ம் ஆண்டளவில் தேவமாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்க் குடியேறினார்கள் என்பது அந்நாட்டுப் பாரம்பரியம். அந்தக் காட்டில்தான் இன்று மடு மாதா திருத்தலம் இருக்கிறது. இலட்சக்கணக்கானோர் கால்நடையாய்ப் போய் வணங்கும் அந்தத் தலத்துக்கு முதல் கல்லை வைத்தவர்கள் ஓடிவந்த சில குடும்பங்களே என்பதை மறவாதேயுங்கள்.

கோவாவிலிருந்து ஒரு குருவானவர்

அந்த ஜனங்களுடைய செய்தி கடல் கடந்து கோவாவில் இருந்த ஒரு குருவானவரின் காதில் விழுந்தது. அவர்தாம் யோசேவாஸ் சுவாமியார். 1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி கோவாவைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தவர். நம் இந்திய மண்ணின் பிள்ளை. 1676-ல் குருப்பட்டம் பெற்றார். மறுவருடமே தேவமாதாவுக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் அடிமைச்சீட்டு எழுதிவைத்தார். சில காலம் கன்னட நாட்டுக் கடற்கரையில் ஆத்துமங்களுக்காக உழைத்தபின், அர்ச். பிலிப் நேரியின் சபை ஒழுங்கைத் தழுவிய குருக்களோடு 1685-ல் பழைய கோவாவில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மரியாதை இருந்தது. நல்ல பிரசங்கியார் என்ற பெயரும் இருந்தது. ஆனால் மேய்ப்பனில்லாத ஆடுகளின் நினைவு அவரை உறங்கவிடவில்லை.

1687-ம் ஆண்டில், யுவாம் என்ற ஊழியன் ஒருவனோடு தூத்துக்குடிக்கரையிலிருந்து தோணியேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. குருவானவருக்குரிய அங்கி தரிக்கவில்லை. கிழிந்த உடையும் வெறுங்காலுமாக ஒரு கூலியாளின் கோலத்தில் வந்தார். பூசைக்கு வேண்டிய பொருள்கள் மட்டும் மூட்டையில் மறைந்திருந்தன. வந்த இடத்தில் கொடிய வயிற்றுக்கடுப்பு நோய் அவரைக் கீழே தள்ளிற்று. யாரோ ஒரு பெண்மணி இரங்கிக் கொடுத்த கஞ்சியினால் உயிர் பிழைத்தார் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அந்தப் பெண்மணி கொடுத்த ஒரு சிரட்டைக் கஞ்சி ஒரு நாட்டின் திருச்சபைக்கே உயிர் கொடுத்தது என்றால் அது மிகையல்ல. ஏழைக்குக் கொடுப்பதன் பலன் எங்கே போய் முடியும் என்பது கொடுக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

உடம்பு தேறினது. இப்போது பெரிய சங்கடம் ஒன்று எழுந்தது. கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரில் போய்க் கேட்கமுடியாது. கேட்டால் தலை போகும். கத்தோலிக்கர்களும் வெளிக்காட்டிக் கொள்ளமாட்டார்கள். அவர் ஒரு வழி கண்டார். பெரிய செபமாலை ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிச்சைக்காரரைப்போல் வீடுவீடாய்ப் போய் வாசலில் நின்றார். பிச்சை கேட்பது கை, பார்த்துக்கொண்டிருந்தது கண். சில வீடுகளில் விரட்டினார்கள். சில வீடுகளில் ஒரு பிடி அரிசி போட்டு அனுப்பினார்கள். ஆனால் சில வீடுகளில், பிச்சை போட வந்தவர்களின் பார்வை அந்தச் செபமாலையின்மேல் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பார்வையைக் கொண்டே அவர் அறிந்துகொண்டார்: இந்த வீட்டில் விளக்கு இன்னும் அணையவில்லை.

மெல்ல மெல்லப் பழகி, அவர்களுடைய உறுதியைச் சோதித்து, ஒருநாள் தாம் யாரென்று வெளியிட்டார். இருபத்தொன்பது வருடங்களுக்குப் பின் அந்த வீடுகளில் இராக்காலத்தில் திவ்விய பூசை நடந்தது. சில்லாலை என்னும் ஊர் அவருக்கு அடைக்கலமாயிற்று. இரவெல்லாம் பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் பூசை முடித்து, பொழுது புலரும்போது வேறிடம் போய்விடுவார்.

அவர் கண்டவர்கள் எல்லாரும் வீரர்களா?

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அவர் கண்ட எல்லாரும் அசையாத தூண்களாய் நிற்கவில்லை. நிலத்துக்காகவும் உத்தியோகத்துக்காகவும் பயத்தினாலும் வெளிக்கு ஒல்லாந்தர் சபையில் பெயர் எழுதிவைத்தவர்கள் அநேகர் இருந்தார்கள். பாதி செபத்தை மறந்தவர்களும், கலியாணத்தை முறைப்படி செய்யாதவர்களும் இருந்தார்கள். யோசேவாஸ் சுவாமியார் இவர்களைக் கடிந்து விரட்டவில்லை. உட்கார்த்தி வைத்து மறந்த செபத்தை மறுபடி சொல்லிக்கொடுத்தார், அறிக்கையிட்டவர்களுக்கு மன்னிப்பு அளித்தார், கலியாணங்களை ஒழுங்குபண்ணினார்.

வெகுகாலம் பூசைக்கு வராமலிருந்து, "இனி எந்த முகத்தோடு சுவாமி முன் போய் நிற்பது?" என்று கூச்சப்படும் சகோதரரே, சகோதரியே, இது உங்களுக்காகவே சொல்லப்படுகிறது. நல்ல மேய்ப்பர் தேடி வருவது நேரான வழியில் நடக்கும் ஆட்டை மட்டுமல்ல. அணைந்துபோன திரியைத் தூக்கி எறிவது அவர் வழக்கமல்ல. நீங்கள் ஒரு அடி வையுங்கள். மீதி வழியை அவர் நடந்து வருவார்.

வீரர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை. 1689-ம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாள் இரவில், பூசைக்காகக் கூடியிருந்த வீட்டை ஒல்லாந்தருடைய சேவகர் வளைத்துக்கொண்டார்கள். சுவாமியார் தப்பினார். பிடிபட்ட ஜனங்களில் சிலர் கொடூரமாய் அடிக்கப்பட்டார்கள். ஒருவர் அந்த அடிகளினாலேயே உயிர்விட்டார். மற்றவர்கள் வன்தொழிலுக்கு அனுப்பப்பட்டார்கள். "குருவானவர் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் அவர்கள் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. இவர்கள் மடங்களில் வளர்ந்தவர்களல்லர். உழுதும், மீன்பிடித்தும், நெய்தும் பிழைத்த நம்மைப் போன்ற குடும்பஸ்தர்கள்.

அண்ணாவியாரும் மூப்பரும்

பின்பு யோசேவாஸ் சுவாமியார் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குப் போனார். 1692-ல் கண்டியில் போர்த்துக்கீசருடைய வேவுகாரரென்று சந்தேகித்து அவரைக் காவலில் வைத்தார்கள். அந்தக் காவலில் இருந்தபடியே சிங்கள பாஷையைக் கற்றார். நாளடைவில் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருடைய பரிசுத்த சீவியத்தைக் கண்டு அவருக்குச் சுயாதீனம் கொடுத்தான். அரசன் பௌத்த மதத்தவன். கிறிஸ்தவர்கள் துரத்தியதை ஒரு பௌத்த அரசன் காப்பாற்றினான். நம் அயலவரான பிற மதத்தாரை மதிப்போடு நினைக்க இது ஒன்றே போதுமன்றோ?

தீவு பெரிது, குருவோ ஒருவர். கோவாவிலிருந்து உதவிக்குக் குருக்கள் வந்து சேர்ந்தது 1696-க்குப் பின்தான். ஒரு கிராமத்துக்கு அவர் வருடத்தில் ஒரு தடவை போனாலே பெரிது. ஆகையால் ஒவ்வொரு ஊரிலும் அண்ணாவியார் என்றும் மூப்பர் என்றும் இருவகை ஊழியரை ஏற்படுத்தினார். அண்ணாவியார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்களைக் கூட்டிச் செபம் சொல்வார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பார். அவசர வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பார். சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் உட்கார்ந்து நல்ல மரணத்துக்கு உதவுவார். மூப்பர் கோவிலையும் அதன் காரியங்களையும் கவனித்துக்கொள்வார். இவ்வொழுங்கு அவருக்குப் பின்னும் அநேக தலைமுறை நிலைத்தது. ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது; அண்ணாவியார் முடிவில்லாமல் இருந்தார்.

யப்பான் தேசத்திலும் இப்படியே நடந்தது. 1614-ல் அங்கே கிறிஸ்து மதம் தடைசெய்யப்பட்டது. 1644-ல் கடைசிக் குருவானவர் வேதசாட்சியாய் மரித்தார். அதன்பின் இருநூறு வருடத்துக்கு மேலாக அங்கே குரு இல்லை. 1865-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, நாகசாக்கியில் புதிதாய்க் கட்டிய கோவிலுக்குள் கிராமத்து ஜனங்கள் சிலர் வந்து, பிரெஞ்சுக் குருவானவர் பெத்தித்யான் சுவாமியாரிடம் தங்கள் இருதயமும் அவருடைய இருதயமும் ஒன்றே என்று வெளியிட்டு, தேவமாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். அவர் திகைத்துப்போனார். அந்தக் கிராமங்களில் ஒருவர் திருநாள்களின் கணக்கை வைத்திருந்தார். ஒருவர் ஞானஸ்நானம் கொடுத்தார். ஒருவர் வீடுவீடாய்ச் செய்தி சொன்னார். இத்தனைதான் அவர்களுடைய ஏற்பாடு. இருநூறு வருடத்துக்கு அது போதுமாயிருந்தது.

அப்படியானால் குரு எதற்கு?

"வீட்டிலேயே விசுவாசம் நிலைக்குமானால் குரு எதற்கு? கோவில் எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். யாழ்ப்பாணத்து ஜனங்களைக் கேட்டால் பதில் சொல்வார்கள். வீட்டில் அவர்கள் காத்தது நீறுபூத்த நெருப்பு. அது அணையாமல் இருந்தது. ஆனால் அதைக்கொண்டு சமைத்து உண்ணமுடியவில்லை. தேவநற்கருணை என்னும் போசனமும், பாவமன்னிப்பு என்னும் சுகமும் குருவின் கையாலேயே வரவேண்டும். அதனால்தான் உயிரைப் பணயம் வைத்து நள்ளிரவில் பூசைக்கு வந்தார்கள். வீட்டில் செபம் சொன்னவர்களே பூசையின் அருமையை அறிந்திருந்தார்கள். வீட்டில் செபமில்லாதவர்களுக்கோ பூசையும் வெறும் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாய்ப் போகிறது.

குருவுக்கும் இதில் பாடம் உண்டு. யோசேவாஸ் சுவாமியார் கோவில் கட்டி மணியடித்து ஜனங்கள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அவரே வாசற்படிக்குப் போனார். கொடுக்கிறவராகப் போகவில்லை, கேட்கிறவராகப் போனார். குருவானவர் வீடு சந்திக்க வரும்போது, நாற்காலி தேடவும் பலகாரம் வாங்கவும் ஓடாதேயுங்கள். அவர் வருவது உங்கள் வீட்டு விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும், எரிந்தால் சந்தோஷப்படவும், மங்கினால் எண்ணெய் வார்க்கவுமே.

வாரத்தில் 168 மணி நேரம்

இனி நம் காரியத்துக்கு வருவோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஞாயிறு பூசைக்கு ஒரு மணி; பிள்ளைகளின் ஞானோபதேசத்துக்கு ஒரு மணி. மீதி 166 மணி நேரமும் பிள்ளை இருப்பது வீட்டிலும், பள்ளியிலும், தெருவிலும், கைப்பேசியின் முன்னிலும். இரண்டு மணி நேரத்தில் குருவும் உபதேசியாரும் சொல்லிக்கொடுப்பதை, 166 மணி நேரம் மறுத்துப் பேசினால் எது வெல்லும்? "பொய் சொல்லாதே" என்று கோவிலில் படித்த பிள்ளை, வீட்டுக்குக் கடன்காரர் வந்தபோது "அப்பா இல்லை என்று சொல்" என்று கேட்டால் எந்தப் பாடத்தை மனதில் வைக்கும்? அயலாரை நேசி என்று கேட்ட காது, இராச்சாப்பாட்டில் அண்டை வீட்டாரைக் குறித்த புறணியையே தினமும் கேட்டால் என்ன ஆகும்? கடையில் எடை குறைக்கும் தகப்பனார், பூசையில் காணிக்கைத் தட்டில் தாராளமாய்ப் போட்டாலும் பிள்ளை எடைக்கல்லைத்தான் பார்க்கிறது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964-ம் ஆண்டில் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கைத்திரட்டில், குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்று அழைத்தது. பெற்றோரே தங்கள் பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் போதகர்கள் என்றும் கற்பித்தது. இது புதிய பட்டம் அல்ல. யாழ்ப்பாணத்து வீடுகள் அந்தப் பெயரை அறியாமலே அப்படி வாழ்ந்தன.

"நமக்கு இப்போது அந்த நெருக்கடி ஏது? கோவில் பக்கத்தில் இருக்கிறது; குருவானவர் இருக்கிறார்" என்று நினைக்கிறீர்களா? உங்கள் மகனும் மகளும் நாளை எங்கே இருப்பார்கள் என்று யோசியுங்கள். பதினெட்டு வயதில் விடுதிக்குப் போகிறார்கள். இருபத்திரண்டு வயதில் முன்பின் அறியாத நகரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். அநேகர் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். சவூதி அரேபியாவில் கிறிஸ்தவக் கோவில் ஒன்றுகூட இல்லை. அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறு மணியோசை கேட்பதில்லை. 1658-ம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தது, அந்தப் பிள்ளை விமானம் ஏறிய அன்றே அவனுக்கு வந்துவிடுகிறது. பெட்டியில் ஊறுகாயும் பொடியும் வைத்து அனுப்புகிறீர்கள், நல்லது. நெஞ்சில் என்ன வைத்து அனுப்பினீர்கள்? தனி அறையில், யாரும் பாராத இடத்தில், முழந்தாளிட அவனுக்குத் தெரியுமா? அது விமான நிலையத்தில் கற்றுக்கொடுக்கும் பாடமல்ல. ஐந்து வயதில் தாயின் மடியில் கற்கும் பாடம்.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கசப்பானாலும் சொல்லவேண்டும். அந்த ஜனங்களிடமிருந்து விசுவாசத்தைப் பறிக்க ஒரு அரசாங்கமே பாடுபட்டது, பறிக்க முடியவில்லை. நம்மிடமிருந்து பறிக்க ஒருவரும் வரவில்லை. நாமே கைநழுவ விடுகிறோம். செபமாலை நேரத்தைத் தடை செய்து கட்டளை பிறப்பித்தவர் யார்? ஒருவருமில்லை. தொடர்நாடகம் ஒன்று போதுமாயிருந்தது. பறிகொடுத்தவன் அழுவான்; நழுவவிட்டவனுக்கு இழந்ததே தெரியாது. இதுவே நம்முடைய ஆபத்து.

வாசலுக்கு வெளியே

வீட்டில் காத்த விசுவாசம் வாசலோடு நின்றுவிடவும் கூடாது. 1697-ம் ஆண்டில் கண்டியில் பெரியம்மை பரவிற்று. பயந்த ஜனங்கள் நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். யோசேவாஸ் சுவாமியாரும் அவருடைய உறவினரான கர்வாலியோ சுவாமியாரும் ஓடவில்லை. குடிசைகளில் கிடந்தவர்களைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களைத் தங்கள் கையாலேயே அடக்கம்பண்ணினார்கள். கிறிஸ்தவன், பௌத்தன் என்ற வித்தியாசம் பார்க்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் தமக்கு ஒரு சிரட்டைக் கஞ்சி கொடுத்த கையை அவர் மறந்திருப்பாரா? கொரோனா நோய் பரவிய 2020, 2021-ம் வருடங்களில் நம் தெருக்களிலும் கதவுகள் அடைபட்டன. கோவிலும் அடைபட்டது. அந்நாள்களில் வீட்டில் செபித்த குடும்பங்களுக்கும், அயல்வீட்டுப் படியில் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தவர்களுக்கும் இந்தப் பாடம் புதிதாயிராது.

யோசேவாஸ் சுவாமியார் மறுபடி கோவாவுக்குத் திரும்பவில்லை. ஏறக்குறைய இருபத்து நான்கு வருடம் அத்தீவில் உழைத்து, 1711-ம் ஆண்டு சனவரி 16-ந் தேதி கண்டியில் தமது ஐம்பத்தொன்பதாம் வயதில் ஆண்டவரில் நித்திரை அடைந்தார். பாப்பு இரண்டாம் யோவான் பவுல் 1995-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015-ம் ஆண்டு சனவரி 14-ந் தேதி கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பு பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தார். அன்று பிற்பகலே பாப்பு மடு மாதாவின் கோவிலுக்குப் போய்ச் செபித்தார். குருவையும், குருவில்லாத காலத்தில் விசுவாசம் காத்த குடும்பங்களையும் ஒரே நாளில் கனம்பண்ணினது எவ்வளவு பொருத்தம்!

இவ்வாரத் தீர்மானங்கள்

படித்து மூடிவிட்டால் பயனில்லை. குடும்பமாய் உட்கார்ந்து இவற்றைத் தீர்மானியுங்கள்.

1. இரவில் ஒரு நேரத்தைக் குறியுங்கள். முழுச் செபமாலை முடியாவிட்டால் ஒரு தேவ இரகசியமாவது சேர்ந்து சொல்லுங்கள். அந்நேரத்தில் கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். தகப்பனார் முதலில் முழந்தாளிடட்டும்; பிள்ளைகள் தாமாய் வருவார்கள்.

2. அவசர ஞானஸ்நானம் கொடுக்கும் முறையை வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் அறிந்திருங்கள். மரண ஆபத்தில், குருவானவர் வர அவகாசமில்லாதபோது, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுப்பதாகச் சொல்லவேண்டும். திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்தோடு எவரும் இதைச் செய்யலாம். பிறகு பங்கில் அறிவித்துப் பதிவு செய்யுங்கள். தெரியாதவர்கள் பூசைக்குப்பின் வந்து கேட்டுக்கொள்ளலாம்.

3. வீட்டில் ஒருவர் கடுமையாய் நோயுற்றால் கடைசி மூச்சுவரை காத்திராமல் குருவானவரை அழையுங்கள். நோயில்பூசுதல் நோயாளிக்குத் தைரியமும் சமாதானமும் தரும் தேவதிரவிய அனுமானம். நினைவோடிருக்கும்போதே அவர் அதைப் பெற்றுக்கொள்ளட்டும்.

4. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளையோடு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்டபின் "செபித்தாயா?" என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு நின்றுவிடாமல், தொலைபேசியிலேயே ஒரு செபம் அவனோடு சேர்ந்து சொல்லுங்கள்.

5. உங்கள் தெருவில் பூசைக்கு வராமல் நின்றுபோன ஒரு குடும்பத்தை நினைவில் வையுங்கள். குறை சொல்லவோ புத்தி சொல்லவோ போகவேண்டாம். ஒருநாள் மாலை அவர்கள் வீட்டுக்குச் சும்மா போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அண்ணாவியாருடைய வேலை அப்படித்தான் ஆரம்பமாயிற்று.

கடைசியாக ஒரு வார்த்தை. இன்று இரவு விளக்கேற்றும் வேளையில், கிழிந்த உடையோடு, கழுத்தில் செபமாலையோடு ஒரு பிச்சைக்காரர் உங்கள் வாசலில் வந்து நிற்கிறதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். உங்கள் முகத்தையும், உங்கள் பிள்ளையின் முகத்தையும் மாத்திரம் பார்ப்பார். இந்த வீட்டில் விளக்கு இன்னும் எரிகிறது என்று அவர் அறிந்துகொள்ளும்படி ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. உங்கள் செபங்களில் உங்கள் குருக்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சேசுவுக்குப் புகழ்! மரியாயே வாழ்க!